இரண்டு பேரும் தூங்கிய மத்தியானம்

இருங்காட்டுக்கோட்டை அறையில் என் கட்டில் ஒருநாளும் ஆறியதில்லை. நான் எழுந்து போனால் இன்னொருவன் வந்து படுப்பான். எனக்குப் பகல் ஷிப்ட் வாரம் என்றால் அவனுக்கு இரவு. எனக்கு இரவு என்றால் அவனுக்குப் பகல். அப்படிப் பொருந்தி வருகிற ஆட்களாகப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கறாராகப் பொருத்தம் பார்க்க மாட்டார்கள். நான் செய்யாறு பக்கம், அவன் திருநெல்வேலிப் பக்கம். வேலை ஆளுக்கொரு கம்பெனியில். மூன்று வருடம் ஒரே கட்டிலில் தூங்கியும் அவனை நான் பார்த்ததெல்லாம் வாசற்படியில்தான், அவன் ஷூவைக் கழற்றும்போது, நான் மாட்டும்போது. மற்றபடி, அவன் தலையணையில் விட்டுப்போகும் தேங்காய் எண்ணெய் ஈரம்தான் எனக்குத் தெரிந்த அவன். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுப்பேன்.

இரண்டு பேருக்கும் ஒப்பந்தக் காலம் அடுத்தடுத்து முடிந்தது. ஊருக்குப் போனால் உடனே பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். எனக்கு, வாழ்க்கையில் ஒரு தடவையாவது கப்பலில் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கிறுக்கு. நேரில் பேச நேரமில்லாததால் வாட்ஸ்அப்பில் குரல் செய்திகளாகவே பேசித் தீர்த்து, அந்தமானுக்குப் போவது என்று முடிவானது. ஆளுக்கொரு முதுகுப்பை. இரண்டுமே ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்தவை, முதுகில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வெளிநாட்டுப் பயணிகள் ஆளுயரப் பை சுமந்து போகிற தீவுகளில், நாங்கள் ஏதோ ஷிப்டுக்குப் போகிறவர்கள் மாதிரி ஒன்றரை மாதம் சுற்றினோம்.

கப்பல் ஏறிய அன்றே ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. எங்களால் ஒரே நேரத்தில் தூங்க முடியாது. அவன் படுத்திருந்தால் எனக்குக் கண் மூட வரவில்லை, நான் படுத்தால் அவன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். "நீ உறங்குல, நான் முழிச்சிருக்கேன்" என்பான். பையைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று முதலில் ஒரு சாக்கு வைத்திருந்தோம். அந்தப் பைகளைத் திருடுகிற அளவுக்கு யாருக்கும் கஷ்டம் வந்துவிடவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தீவிலும் அதே கதைதான். விடியல்களை எல்லாம் அவன் பார்த்தான், நட்சத்திரங்களை எல்லாம் நான் பார்த்தேன். ஆள் மாறும்போது கம்பெனி அசெம்பிளி லைனில் செய்வது போலவே ஹேண்ட்ஓவர் கொடுத்துக்கொள்வோம். "நண்டு கூட்டமா வந்துச்சு. ஒரு நாய் வந்து மோந்து பாத்துட்டுப் போச்சு. மத்தபடி நார்மல்" என்று சொல்லிவிட்டு அவன் படுப்பான். ஒரே தீவுக்கு வந்து ஆளுக்குப் பாதி பார்த்தோம்.

கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் நீல் தீவு. அங்கே ஒரு அக்காவின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் குடிசை வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்காவின் அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். அக்கா வாயில் தமிழும் இந்தியும் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு வரும். முதல் இரண்டு நாள் எங்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க ரெண்டு பேர்ல எப்பவும் ஒருத்தருதான் உசுரோட இருக்கீங்க" என்றார்.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது ஏஜெண்டின் அழைப்பு வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஆள் சேர்த்துவிடுகிறவர். ஸ்பீக்கரில் போட்டோம்.

"ஒரகடத்துல புது லைன் ஓப்பன் ஆவுது ப்ரோ. ரெண்டு பேருக்கும் ஒரே லைன், ஒரே ஷிப்ட்டு, பேசி வச்சிகிறேன். இந்தக் கப்பல்ல வந்துடுங்க. லேட் பண்ணா ஷிப்ட்டு நம்ம கையில இல்ல, இன்னா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை வெளியே காட்டவும் கூச்சமாக இருந்தது. இந்த ஒன்றரை மாதத்தில்தான் அவன் பாடுவான் என்று தெரிந்தது, அதுவும் மோசமாகப் பாடுவான் என்று தெரிந்தது. மீனில் முள் எடுக்கத் தெரியாது, அலைக்குப் பயப்படுவான், என் அம்மாவிடம் போனில் என்னைவிட அதிகமாகப் பேசுவான். திரும்பிப் போனதும் இவன் மறுபடியும் எண்ணெய் ஈரமாக ஆகிவிடுவானோ என்றுதான் எனக்கு உள்ளூரப் பயம். ஒரே ஷிப்ட் என்றால் அந்தப் பயம் இல்லை.

"அப்ப இன்னொரு கட்டில் வாங்கணும்லா" என்றான் அவன். அவனுக்கும் அதுதான் மனதில் ஓடியிருக்கிறது.

அந்த உற்சாகத்தில்தான் வினை வந்தது. கிளம்புகிற நாள் விடியற்காலையில், வழக்கத்துக்கு மாறாக அவன் என்னை உலுக்கினான். "ஏல, எந்தி. இத ஒரு நாளாவது நீயும் பாக்கணும்." கிழக்குக் கரையில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சூரியன் வருவதைப் பார்த்தோம். அவன் ஹேண்ட்ஓவரில் சொன்னதைவிட நன்றாகத்தான் இருந்தது. பிறகு கடலில் குளித்து, அக்கா கடைசி நாள் என்று வஞ்சகமில்லாமல் போட்ட மீன் குழம்புச் சோற்றை இரண்டு தரம் வாங்கித் தின்று, படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு வாதுமை மர நிழலில் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தோம். சாயங்காலம் கடைசிப் படகைப் பிடித்தால் போர்ட் பிளேர். மறுநாள் விடிந்ததும் கப்பல்.

அவன்தான் விடியலில் முதலில் எழுந்தான், ஆகவே இப்போது அவன் தூங்குகிற முறை, நான்தான் காவல். இது அவன் கணக்கு. ஆனால் நானும்தான் பாதித் தூக்கத்தில் எழுந்தேன், இது என் மீதித் தூக்கம், காவல் அவன். இது என் கணக்கு. வாய்விட்டு யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒன்றாகத் தூங்கினோம்.

கண் விழித்தபோது அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார், கையில் நாங்கள் கொடியில் மறந்துவிட்டு வந்த லுங்கிகள். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"படகு அப்பவே போயிருச்சு தம்பி. நான் வரும்போதே அந்தா, அம்புட்டுத் தூரத்துல போய்க்கிட்டிருந்துச்சு. சரி, எழுப்பி என்ன ஆகப் போகுதுன்னு ஒரு போட்டோ எடுத்தேன்."

அவன் எழுந்து என்னைப் பார்த்தான். "நீ முழிச்சிருக்கன்னு நெனச்சேன்லே."

"நீ முழிச்சினு இருக்கன்னு நான் நெனச்சேன்டா."

ஏஜெண்டிடம் சொன்னோம். "இன்னா ப்ரோ இப்டி பண்ட்டீங்க" என்பதைத் தவிர அவர் திட்டவில்லை. அடுத்த கப்பலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. விமானத்துக்குக் கையில் காசு இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரே ஷிப்ட் போய்விட்டது, அதுவும் ஒரு மத்தியானத் தூக்கத்தில். அவன் மட்டும் அக்காவைப் பார்த்து, "குழம்பு மிச்சம் இருக்கா அக்கா" என்று கேட்டான்.

அந்த ஒரு வாரம்தான் முழுப் பயணத்திலும் நல்ல வாரம். தங்கவும் தின்னவும் அக்கா கடையில் வேலை பார்த்தோம். நான் மேசை துடைத்தேன். அவன் சும்மா இருக்க முடியாமல், கம்பெனி வழக்கப்படி சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் மஞ்சள் டேப் ஒட்டி, எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்று கோடு போட்டுவிட்டான். "என் அடுப்படியை ஏர்போர்ட் ஆக்கிட்டானே" என்று அக்கா முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் நாள், தண்ணீர் ஜக்கைக் கோட்டுக்கு வெளியே வைத்த ஒரு வெளிநாட்டுக்காரரை அவரே இந்தியில் அதட்டினார்.

காவல் முறை மட்டும் போயே போய்விட்டது. இனிமேல் தவறவிட என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்தோம், ஒன்றாக எழுந்தோம். அவன் குறட்டையும் என் குறட்டையும் சேர்ந்து ஒரு ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று பக்கத்துக் குடிசைக்காரர்கள் புகார் சொன்னார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. ஹேண்ட்ஓவர் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்திருந்தோம்.

ஊர் திரும்பினோம். ஒரகடத்தில் வேலை கிடைத்தது, லைனும் ஒரே லைன்தான். ஏஜெண்ட் அந்த அளவுக்குக் காப்பாற்றி வைத்திருந்தார். ஆனால் எனக்கு ஏ ஷிப்ட், அவனுக்கு பி. இடம்கூட ஒன்றே, சக்கரத்துக்கு நட் முடுக்குகிற இடம். நான் விட்டால் அவன், அவன் விட்டால் நான். வீட்டுக்காரருக்கு ஏகக் குஷி. "உங்க கட்டிலு அப்டியே கீதுப்பா, யாருக்கும் குடுக்கல" என்றார்.

அந்த மத்தியானம் தூங்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அறையில் இரண்டு கட்டில் இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வாரம் இருந்திருக்காது. அதை நினைத்தால் எனக்கு வருத்தப்படவும் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. அக்கா எடுத்த போட்டோவில் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறோம். எங்கள் இரண்டு பேர் போனிலும் முகப்பில் அதுதான் இருக்கிறது.

இப்போது ஷிப்ட் மாறுகிற நேரத்தில் லைனில் பார்த்துக்கொள்கிறோம். சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்க்கும்வரை பேசலாம். "நட் முடுக்குற கன் கொஞ்சம் மெதுவா சுத்துது, பாத்துக்க" என்று தொடங்குவான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா போன் பண்ணுனாவ. புதுசா ஒரு அடுப்பு வாங்கியிருக்காவளாம், அதுக்கு எங்க கோடு போடணும்னு கேக்காவ" என்பான். நான் கையுறையை மாட்டுவேன். நான் வந்த பஸ்ஸிலேயே அவன் திரும்பிப் போய், நான் எழுந்து வந்த கட்டிலில் படுப்பான்.

வேலை முடிந்து நான் அறைக்குப் போகும்போது அவன் கிளம்பியிருப்பான். தலையணையில் எண்ணெய் ஈரம் அப்படியே இருக்கும். இப்போதெல்லாம் நான் அதைத் திருப்பிப் போடுவதில்லை.