வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு: கப்டன் சோதனையின் ஆறரை மைல்

தொண்டர் படையில் லெப்டினனாக இருந்துகொண்டு கப்டனாக ஆசைப்படும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கிழமை முழுக்கக் கந்தோரில் பேனா பிடித்து, ஞாயிறு மட்டும் துவக்குப் பிடிக்கும் நமக்குப் பதவி உயர்வு சும்மா வராது. எழுத்துச் சோதனை, கட்டளைச் சோதனை இரண்டையும் புத்தகத்தை உருப்போட்டே தாண்டிவிடலாம். மூன்றாவது நடைச் சோதனை. அதை முப்பது பேருடைய கால்களைக் கொண்டுதான் தாண்டவேண்டும். என் முறை சென்ற மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

வெள்ளவத்தைப் பாலத்தடியிலிருந்து காலை ஆறரைக்குப் புறப்பட்டு, ஒன்பது மணிக்குக் கொட்டாஞ்சேனைத் தேவாலய மேட்டில் நிற்கவேண்டும். பாதையையும் ஓய்விடங்களையும் நாமே தீர்மானிக்கலாம். பிந்தினால் புள்ளி குறையும், ஓர் ஆளை வழியில் விட்டாலும் குறையும். இதில் தேறியவர் தியத்தலாவையில் ஆறு கிழமைப் பயிற்சி முடித்தால்தான் தோளில் மூன்றாவது நட்சத்திரம். அந்த ஆறு கிழமைக்கு லீவு வேண்டும். லீவுக்குக் கந்தோரில் பெரிய கிளாக்கர் சிபாரிசு செய்யவேண்டும்.

பெரிய கிளாக்கர் கனகசபை என் படைப்பிரிவில் சார்ஜன்ட். சிரிக்காதீர்கள், கொழும்பில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர். நான் பள்ளிக்கூடக் கடேற் படையிலிருந்து நேரே அதிகாரியானவன். கிழமை நாளில் நான் அவர் மேசை முன்னால் கைகட்டி நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்குச் சல்யூட் அடிப்பார். சல்யூட்டில் ஒரு குறையும் வைக்கமாட்டார். ஆனால் "சேர்" என்று சொல்லவேண்டிய இடத்தில் தொண்டையைக் கனைப்பார். இரண்டு வருஷமாக அந்தக் கனைப்பைத்தான் நான் "சேர்" என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

புறப்பாடு அருமையாக அமைந்தது. காலி வீதியில் பாண்காரரும் மீன் காவிக்கொண்டு ஓடுகிறவர்களும்தான். இடப்பக்கத்து ஒழுங்கைகளால் கடற்காற்று வந்துகொண்டே இருந்தது. பம்பலப்பிட்டியில் பூசைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது, மறைப்பானேன்.

கொள்ளுப்பிட்டியில் முதல் ஓய்வு. ஐம்பது நிமிட நடை, பத்து நிமிட ஓய்வு என்பது படை வழக்கம். ஓய்வில் அதிகாரி ஒவ்வோர் ஆளுடைய சப்பாத்தையும் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்கவேண்டும். பார்த்தேன். கனகசபையும் கூடவே வந்து, இன்னாருக்குக் குதிக்கால் சிவந்திருக்கிறது, இன்னாருக்கு நகம் வெட்டவில்லை என்று காட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் அவர் பக்கம் திரும்பினேன்.

"என்ரை கால் சரி. நீர் நேரத்தைப் பாரும்" என்றார்.

நாளைக்கு லீவு கேட்கப் போகிறவன் நான். நேரத்தைப் பார்த்தேன்.

அங்கிருந்து கொம்பனித்தெருவால் போனால் நிழல் உண்டு, வண்டிகளும் உண்டு. காலிமுகத்திடலால் போனால் வெயில், ஆனால் காற்று. நான் காற்றைத் தேர்ந்தெடுத்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள். கோட்டையில் இரண்டாவது ஓய்வு. எல்லோரும் குந்தினார்கள், கனகசபை மட்டும் நின்றார். குந்தினால் எழும்ப ஏலாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அப்போது விளங்கவில்லை.

புறக்கோட்டைக்குள் நுழைந்ததும் துறைமுகத்துக்குப் போகும் மாட்டுவண்டிகள் வழியை அடைத்தன. அங்கே ஐந்து நிமிடம் நாசமாய்ப் போயிற்று. அப்போது முன்வரிசை நியாஸ் என் பக்கத்தில் வந்தான். கொட்டாஞ்சேனைப் பையன், தையற்கடைக்காரன், நல்ல வாய்க்காரன்.

"சேர், சார்ஜனப் பாருங்க. எடது கால நெலத்துல வெக்க ஏலாம வாறார். மேட்டுல ஏற மாட்டார், சேர்."

திரும்பிப் பார்த்தேன். கனகசபை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார், முகமெல்லாம் வேர்வை. நிறுத்தினால் நிச்சயம் பிந்துவோம். ரிக்ஷாவில் ஏற்றினால் ஓர் ஆள் குறையும். பேசாமல் நடந்தால் தேறலாம், லீவும் கிடைக்கலாம். ஆனால் மூன்றாவது நட்சத்திரம் எதற்கு? கப்டனாக நூறு பேருடைய காலுக்குப் பொறுப்பாக நிற்கத்தானே? பூட்டியிருந்த ஒரு கடை விறாந்தையருகே எல்லோரையும் நிறுத்தினேன்.

"சார்ஜன்ட், சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"பேசாமல் நடவும். நாளைக்குக் கந்தோரிலை கதைப்பம்."

"நாளைக்கு நீங்கள் சொல்லுறதை நான் கேக்கிறன், ஐயா. இண்டைக்கு நான் சொல்லுறதை நீங்கள் கேளுங்கோ. இது கட்டளை."

அவர் என்னை முறைத்தார். பிறகு, மற்றவர்கள் நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. படைப்பிரிவு முழுவதையும் தெருப்பக்கம் திரும்பி நிற்கக் கட்டளையிட்டேன். அதன் பிறகுதான் அவர் குந்திச் சப்பாத்தைக் கழற்றினார்.

அட கடவுளே! காலுறையில் குதிப்பக்கமே இல்லை. கந்தோரில் கழுத்துப்பட்டி கோணலாக இருந்தால் எங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற மனிதர்! கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"மனிசி ஊரிலை. மூண்டு மாசமாச்சு" என்றார், குரலைத் தாழ்த்தி. காலுறை தைத்துக் கொடுக்க வீட்டில் மனைவி இல்லை.

முழங்காலில் நின்று அவர் பாதத்தை என் தொடையில் எடுத்து வைத்தேன்.

"காலைத் தொடாதேயும்!"

"தொடாமல் மருந்து போட எனக்குத் தெரியாது, ஐயா. கொஞ்சம் எரியும்."

அயடீன் பட்டதும் அவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். துணி வைத்துக் கட்டி, என் பையிலிருந்த புதுக் காலுறையை மாட்டிவிட்டேன். அவ்வளவு நேரமும் தெருவைப் பார்த்தபடி நின்ற நியாஸ், மாடுகளின் அழகைப் பற்றி உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சும்மா சொல்லக்கூடாது, தங்கமான பையன்.

செட்டியார் தெருவால் விரைந்து மேட்டில் ஏறியபோது ஏழு நிமிடம் பிந்திவிட்டோம். சோதிக்க வந்த வெள்ளைக்கார மேஜர் கடிகாரத்தைக் காட்டினார், முகத்தைச் சுளித்தார், எதையோ குறித்தார். போச்சு என்று நினைத்தேன். பிறகு எல்லோரையும் சப்பாத்துக் கழற்றச் சொன்னார். முதலில் சார்ஜன்ட். காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டு, இது யார் போட்டது, எங்கே போட்டது என்று கேட்டார்.

கனகசபை எழுந்து நின்றார். "புறக்கோட்டையில், சேர். என்னுடைய அதிகாரி போட்டார். நான் வேண்டாமென்றேன், அவர் கேட்கவில்லை" என்று இங்கிலீஷில் கணீரென்று சொன்னார். இரண்டு வருஷத்தில் என்னைத் தன்னுடைய அதிகாரி என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

மேஜர் நேரத்துக்குப் புள்ளி வெட்டினார். ஆனால் முப்பது பேரையும் நடையில் கொண்டு வந்ததற்கு முழுப் புள்ளி போட்டார். மயிரிழையில் தேறினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வண்டிகள் கிளம்புமுன் புறக்கோட்டையைத் தாண்டிவிடப் பாருங்கள். கடைசி மேட்டுக்குப் பதினைந்து நிமிடம் கையில் வையுங்கள். திரும்பி வரக் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரயில் இருக்கிறது, நடக்கத் தேவையில்லை. கொள்ளுப்பிட்டியிலேயே எல்லாருடைய காலையும் பாருங்கள். எல்லாருடைய என்றால், நாளைக்கு நீங்கள் யார் முன்னால் கைகட்டி நிற்கப்போகிறீர்களோ அவருடையதையும்.

திங்கட்கிழமை லீவு விண்ணப்பத்தை நீட்டினேன். கனகசபை மூக்குக்கண்ணாடி வழியாகப் படித்தார். ஒரு வசனத்தைச் சிவப்பு மையால் வெட்டி, "இப்பிடியோ எழுதுறது? திருப்பி எழுதிக்கொண்டு வாரும்" என்றார். எழுதிக்கொண்டு போனேன். சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டார். மேசை லாச்சியிலிருந்து பழுப்புக் கடதாசியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். என் காலுறை, தோய்த்து மினுக்கி வைத்திருந்தது.

"தியத்தலாவையிலை குளிர். நாலு சோடியாவது கொண்டு போம்."

"ஓம் ஐயா" என்று திரும்பினேன். பின்னால் கனகசபை தொண்டையைக் கனைத்தார். கந்தோரில் அவர் கனைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.