தொலைந்த டிக்கெட்டில் கண்ட தொழில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பிறந்து மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று ஈப்போ காற்பந்துத் திடலில் எனக்கென்று ஒரு டிக்கெட் கவுண்டர் இருக்கிறது!

அன்று அதே வாசலில் கடலை விற்றுக்கொண்டிருந்தேன். மாணவர் டிக்கெட்டைத் தொலைத்த மாதுமை என்ற பள்ளிக்கூடப் பிள்ளை, தம்பி ஆடும் இறுதி ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் அழுதாள். எனக்குப் பொறி தட்டியது. திடல் மேனேஜரிடம் ஓடினேன்.

“மேனேஜர் தம்பி, தோட்டத்துப் பெரட்டுல காலையில பேர் கூப்பிட்டு ஆளைப் பார்ப்பாங்க. அதே மாதிரி கூட வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஆளை அடையாளம் காட்டட்டும். நான் வேற டிக்கெட் எழுதித் தாரேன், கட்டணம் ரெண்டு வெள்ளி!”

“கடலைக்காரருக்கு இது வேறயா லா?” என்று சிரித்தார் மேனேஜர் அஸ்வான்.

“முதல் டிக்கெட் ஓசி. பாருங்க!”

வாத்தியார் தலையசைத்தார், மாதுமை உள்ளே பறந்தாள். திரும்பினால், டிக்கெட்டைத் தொலைத்த பிள்ளைகள் என் முன்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள்! அஸ்வானே எனக்கு மேசை தூக்கி வந்தார்.