போகாத ராசா

எங்கள் அப்பா வருஷத்தில் ஒரு மாதம் ராசா. மிச்சப் பதினொரு மாதமும் மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளி. ஆனால் வீறாப்பு மட்டும் பன்னிரண்டு மாதமும் ராசாவுடையதுதான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். நாலாவது காலைத் தொட்டுக் காட்டினாலும் முயலைத்தான் குறை சொல்வார்.

எங்கள் தோட்டத்து மாசிக் கூத்தில், மனைவி காலைப் பிடித்துக் கெஞ்சக் கெஞ்ச, தவமிருக்கும் சாமியைக் கலைக்க ராசா கிளம்பிப் போவார். சாமி நெற்றிக்கண்ணைத் திறந்ததும் ராசா எரிந்துபோவார். அந்த வேஷத்துக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், அப்பா காப்புக் கட்டிய பிறகுதான் அம்மாவுக்கு வெளிநாட்டில் வீட்டு வேலைக்கு விசா வந்தது. கூத்துக்கு முதல் நாள் பயணம். அம்மா போவதில் அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. அதை வாயைத் திறந்து சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமே! கூத்து வாத்தியாரே வீடு தேடி வந்தார்.

"காப்ப அவுத்து வேற ஆளுக்குக் கட்டுறேன். பொண்டாட்டிய கொழும்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாப்பா."

"கட்டினது கட்டினதுதாங்க" என்றுவிட்டார் அப்பா.

புறப்படுகிற காலையில் அம்மா பையை வாசலில் வைத்துவிட்டு, பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா நின்றுவிடுவாள் என்று எனக்கே தெரிந்திருந்தது.

"அப்ப நான் போயிட்டு வரட்டுங்களா?"

"அதான் முடிவு பண்ணிட்டியே."

எல்லைப் பாலம் வரை நடந்தோம். அப்பா இந்தப் பக்கமே நின்றுகொண்டார். அந்தப் பக்கம் நின்ற பதுளை வேன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்தால், லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அம்மாவின் கொழுந்து பறிக்கிற சாக்கு ஆணியில் தொங்குகிறது. நானும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். மூன்று பேர் இடித்துக்கொண்டு கிடந்த காம்பரா அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது.

மறுநாள் கூத்து. ராசாவின் மனைவி வேஷம் என் தாய்மாமாவுக்கு. அம்மா விட்டுப்போன பச்சைச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தார். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "போகாதீங்க" என்றார். அப்பா காலை உதறிவிட்டுப் போக வேண்டும். அவர் நகரவில்லை. சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். தப்பு அடித்தவர்கள் அடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்தார்கள்.

"போகல" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! "ராசா நெருப்புக்குப் பயந்துட்டாருடோய்!" என்று யாரோ கத்தினார்கள். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பயந்துட்டீங்களாப்பா?"

"ஆமாம்மா."

அப்பா எதையும் ஒப்புக்கொண்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை. போர்வைக்குள் சுருண்டு விம்மி விம்மி அழுதேன். அம்மா போனதற்காக அல்ல. போயும் போயும் நெருப்புக்குப் பயந்தவருக்கு மகளாகிவிட்டேனே என்றுதான் அழுதேன்.