வறுவலாகிப்போன குண்டிக்காய்

தாராவியில் பிரேமலதாவைத் தெரியாதவர்கள்கூட அவள் ஆட்டுக்கண் வாங்கும் கதையைக் கேட்டிருப்பார்கள். அப்துல் வாஹித் பாயின் கறிக்கடையில் மற்றவர்கள் தொடைக்கறிக்கும் ஈரலுக்கும் முண்டியடிக்கும்போது, இவள் மட்டும் ஐஸ் பெட்டியோடு நின்று, "பாய், கண்ணு எத்தன தேறும்?" என்று கேட்பாள். செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். கண்ணின் முன்னால் கண்ணாடிபோல இருக்கும் கார்னியாவை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்புக்குத் தயார் செய்வது அவள் வேலை.

கணவர் பேச்சிராஜா தோல் பட்டறையில் பெல்ட் தைப்பவர். தோலைக் காகிதமாகச் சீவுவேன் என்ற பெருமை அவருக்கு உண்டு. "நீங்க சீவுனத நான் இன்னும் நூறாச் சீவுவேன்" என்று அவள் ஒருநாள் சொன்னதிலிருந்து, அந்தப் பெருமையை வீட்டில் மட்டும் பேசுவதில்லை. தங்கமான மனிதர். அடுப்புப் பக்கம்தான் எட்டிப் பார்க்க மாட்டார்.

இந்த மாதம் ஆராய்ச்சியில் சிறுநீரகமும், அதாவது கறிக்கடைக் குண்டிக்காயும், சேர்ந்துகொண்டது. மாதுங்காவிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி மானசா ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார்னியாவின் உள்பக்கத்துச் செல்கள் ஓயாமல் நீரை இறைத்து வெளியேற்றுவதால்தான் அது தெளிவாக இருக்கிறது. சிறுநீரகக் குழாய்களின் செல்களும் உப்பையும் நீரையும் இடம் மாற்றுவதே பிழைப்பாக இருக்கின்றன. இரண்டின் அமைப்பும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது? இதைப் பார்க்க இரவல் வந்திருந்த பெரிய மைக்ரோஸ்கோப் திங்கட்கிழமை புனேக்குத் திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமையை விட்டால் மானசாவின் ஒரு வருஷ உழைப்பு அந்தரத்தில் நிற்கும்.

அந்த ஞாயிறு விடிந்ததும் பிரேமலதா கடைக்குப் போய் வந்தாள். கண்களே ஐஸ் பெட்டியை அடைத்துக்கொண்டன. சிறுநீரகங்களை வீட்டு எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஆராய்ச்சியில் சிறுநீரகமும் சேர்ந்துவிட்டதைக் கணவரிடம் சொல்ல மறந்திருந்தாள்.

குளித்துவிட்டு வந்தால் வீடெல்லாம் மிளகு வாசம்.

அடுப்படியில் பேச்சிராஜா வேர்த்து வடிந்து நின்றார். "காய்ச்சல்ல கெடந்து துரும்பா எளச்சுட்ட. வாய்க்கு ருசியாத் திங்கட்டும்னுதான் குண்டிக்காய வறுத்தேன். கண்ணத் தொடலட்டி, அது ஒன் ஆபீஸ்ல உள்ளதுல்லா."

பிரேமலதா காலியாகக் கிடந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தாள். திட்டு வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்காக நிற்கிற பிள்ளையின் முகம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுக்காகச் சமைத்திருக்கிறார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்று விழுங்கிய பிறகே சொன்னாள்.

"அதுவும் ஆபீஸ்ல உள்ளதுதாங்க."

பேச்சிராஜா கரண்டியைக் கீழே வைத்தார். விஷயம் முழுக்கக் கேட்டதும், வறுவலை அப்படியே டப்பாவில் தட்டிக்கொண்டு, சட்டைப் பித்தான்கூடப் போடாமல் கடைக்கு ஓடினார். கூட்டம் சந்து முனைவரை நின்றது. சிறுநீரகம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கொக்கியில் ஒரே ஒரு ஜோடி மட்டும் தனியாகத் தொங்கியது.

"அது எங்க மாமனாருக்கு எடுத்து வச்சது, அண்ணாச்சி" என்றார் வாஹித் பாய்.

பேச்சிராஜா டப்பாவைத் திறந்து நீட்டினார். "வறுத்ததே இருக்கு, பாய். பச்சையத் தாங்க."

பாய் ஒரு துண்டைத் தின்று பார்த்தார். "உப்பு தூக்கலா இருக்கு" என்றார். ஆனாலும் கொக்கியில் இருந்ததை இறக்கிக் கொடுத்தார்.

ஆட்டோவில் செம்பூர்வரை பேச்சிராஜாவும் கூடவே போனார். ஐஸ் போட்ட பொட்டலத்தைப் பச்சைப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு, யாரிடமும் தரவில்லை. கேட்டில் தவித்துக்கொண்டிருந்த மானசா கையில்தான் கொடுத்தார். பிறகு வாசல் டீக்கடையே கதியென்று கிடந்தார். சாயங்காலம் வேலை நல்லபடியாக முடிந்ததும் மானசாவே வந்து கூப்பிட்டாள்.

"உள்ள வாங்கோ மாமா. நீங்க கொண்டுவந்த கிட்னியப் பாத்துட்டுப் போங்கோ."

மைக்ரோஸ்கோப்பில் ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டி வளையங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி நீலப் பொட்டுகள். பேச்சிராஜா வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் செய்கிற வேலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"இவ்ளோ மெல்லிசா நீயாட்டி சீவுன? இதப் போயி மொளகு போட்டு வறுத்துட்டேனே."

"எனக்கு ஒரு துண்டுதான் கெடச்சுது" என்றாள் பிரேமலதா. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வறுங்க. வீட்டுக்குன்னு தனியா வாங்கிட்டு வாரேன்."