மாசிலாமணி கொடுத்த குரல்

"அப்பா போயிட்டாரு, அங்கிள். நீங்கதான் ஆர்மியிலேர்ந்தே அவர்கூட இருந்தவரு. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று போன மாதம் மாசிலாமணியின் மகள் ஸ்காபரோவிலிருந்து தொலைபேசியில் அழுதாள். நல்லதாக எழுத எனக்கு மனசு வரவில்லை. அவரை நேசித்த நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலாயாவில் எங்கள் இந்தியக் காலாட்படை பிரிகேட் பின்வாங்கிக்கொண்டே இருந்தது. வேலூர்க்காரர்களான நாங்கள் இருவரும் அதில் லாரி ஓட்டினோம். பெயர் வாசிக்கும்போது வராதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் "ஹாஜர்" என்று குரல் கொடுப்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். முகாமில் அது விளையாட்டு. ஒரு மத்தியானம் பாலத்தின் வழியாக ஆற்றைக் கடந்ததும் எங்கள் அதிகாரியான ஜமேதார் பெயர் வாசித்தார். நான் இன்னும் மறுகரையில், சேற்றில் சிக்கிய லாரியோடு நின்றேன். உள்ளே காயம்பட்ட இரண்டு பேர். "துரைசாமி!" என்றதும் மாசிலாமணி "ஹாஜர்" என்றார். எல்லோரும் வந்தாயிற்று என்று பாலத்தை என் கண் முன்னால் தகர்த்தார்கள். அந்த இருவரும் கரையிலேயே செத்தார்கள். நான் மூன்றரை வருஷம் ஜப்பானியரின் கைதி. நடந்ததை விடுதலைக்குப் பிறகு ஜமேதார்தான் சொன்னார்.

பிற்பாடு இருவரும் கனடாவுக்கு வந்தோம்; என் தலையெழுத்து, டொராண்டோவிலும் ஒரே தொழிற்சாலையில் வேலை. பனிக்காலத்தில் பஸ் தாமதமானால் எல்லோருடைய வருகைக் கார்டையும் மாசிலாமணியே நேரம் பதியும் மெஷினில் குத்திவிடுவார். தங்கமான மனுஷன் என்றீர்கள். ஒருநாள் நான் போய்ச் சேரும் முன்பே என் கார்டும் குத்தப்பட்டிருந்தது. அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"முப்பது வருஷமாச்சு, இன்னும் புத்தி வரலையா?"

"நல்லதுக்குத்தானேப்பா செஞ்சேன்" என்றார்.

கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டேன்: "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, மாசிலாமணி. அந்த ரெண்டு பேருக்காக."

"நீ எப்படியும் ஓடி வந்து சேந்துருவேன்னு நம்புனேன்டா."

அந்த நம்பிக்கையில் தீயை வைக்க. நான் கும்பிடாமல் எழுந்து வந்தேன்.

நேற்று பழைய படைவீரர் மன்றத்தில் இந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நண்பர் எழுந்து "ஹாஜர்" என்று சொல்வது அங்கே முறை. "மாசிலாமணி" என்றார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மகளும் பார்த்தாள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த பெயருக்குப் போனார்கள்.

வராதவனை வராதவன் என்றே விட வேண்டும். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.