மடக்கு பிளேயரும் மூன்று கேரியரும்

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பொருளை எடுத்து வைத்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். உத்திரமேரூர் கடைத்தெருவில் அந்த மடக்கு பிளேயரை வாங்கவே மூன்று தடவை போனேன். கம்பி வெட்டும் பிளேயர், கத்தி, இரண்டு ஸ்குரூடிரைவர், மீன் செதில் சுரண்டும் தகடு எல்லாம் மடங்கி உள்ளங்கையில் அடங்கிவிடும். பாசன மோட்டார் ரிப்பேர் செய்கிற எனக்கு வரப்பெல்லாம் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். ஆனாலும் ஒவ்வொன்றையும் விரித்து ஆட்டிப் பார்த்தேன். லேசாக ஆடியதைக்கூட ஒதுக்கினேன்.

"இன்னாபா, பொண்ணு பாக்கவா வந்துகீறே?" என்றார் கடைக்காரர்.

வாங்கி வந்தும் நம்பவில்லை. செதில் தகட்டைச் சாணைக்கல்லில் கொடுத்து, வயரின் தோலை உரிக்க ஒரு பள்ளம் போட்டேன். கைப்பிடி இரும்பாயிற்றே, ஷாக் அடிக்குமே என்று சைக்கிள் ட்யூபை வெட்டி இரண்டு பக்கமும் இறுக்கி மாட்டினேன். பிளேயர் பருத்துப்போய்ச் சட்டைப்பையையே அடைத்துக்கொண்டது.

என் கூட்டாளி என் மனைவியின் தம்பி. பத்து வருடமாகச் சேர்ந்துதான் தொழில். தண்ணீர் கீழே போய்விட்ட கிணறுகளில் மோட்டாரை உள்ளே ஒரு திட்டில் வைத்திருப்பார்கள். அங்கே இறங்குவது அவன். மேலே ஃப்யூஸ் பலகையிலிருந்து, ஃப்யூஸ் கம்பி மாட்டிய பீங்கான் கட்டைகளான மூன்று கேரியர்களையும் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்பது நான். அவை என்னிடம் இருக்கும்வரை யார் வந்து சுவிட்சைத் தட்டினாலும் கீழே கரண்ட் போகாது. அவன் உயிர் என் பையில் என்றுதான் அர்த்தம்.

பிளேயரைப் பார்த்த அன்றே, "சோக்கா கீது மாமா, எனக்கும் ஒண்ணு வாங்கணும்" என்று விரித்து விரித்து மடக்கினான். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

நான்காம் நாள், பழையசீவரம் பக்கம் ஒரு கிணற்று வேலையை முடித்து வீடு வந்தால், பிளேயர் இல்லை. வண்டியிலும் தேடினேன். இரவெல்லாம் எனக்கு அவன் முகம்தான். காலையில் வந்தவன் டீ குடிக்க உள்ளே போனதும், அவன் பைக்குள் கையை விட்டேன்.

"இன்னா மாமா தேடுறே?" டீ டம்ளரோடு பின்னால் நின்றான்.

"டெஸ்டரு" என்றேன். டெஸ்டர் என் சட்டைப்பையிலேயே நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் பையை வாங்கித் தரையில் கொட்டினான். ஒரு பனியன், நாலு ஸ்பேனர், பிஸ்கட் பாக்கெட். "நல்லா பாத்துக்கோ மாமா" என்றான். வெட்கமாக இருந்தது. அப்போதும், வீட்டில் ஒளித்திருப்பானோ என்றுதான் என் புத்தி போயிற்று.

அதற்குள் பழையசீவரத்துக்காரர் போன் செய்தார். மோட்டார் மறுபடி நின்றுவிட்டதாம். இருவரும் கிளம்பிப் போனோம். கொட்டகைக்குள் நுழைந்ததுமே கண்ணில் பட்டது, ஃப்யூஸ் பலகையின் மேலே, சைக்கிள் ட்யூபோடு. முந்தின நாள் கேரியர்களை வைக்கப் பையில் இடமில்லாமல், பிளேயரை எடுத்து அங்கே வைத்தது நானேதான். அவனுக்காக இடம் பண்ணிவிட்டு அவனையே திருடன் ஆக்கியிருக்கிறேன்.

"நான்தான்டா வச்சேன். தப்பு என்னுதுதான்" என்றேன்.

"பரவால்ல மாமா."

கேரியரைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அவன் முந்திக்கொண்டான். மூன்றையும் பிடுங்கித் தன் பேன்ட் பையில் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினான்.

அன்றிலிருந்து எல்லாக் கிணற்றிலும் அப்படித்தான். என் சட்டைப்பையில் இப்போது பிளேயருக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.