நண்டு லீவு எடுக்காது

ஆராய்ச்சி மாணவருக்குக் கைடாக இருப்பது, அடுத்தவர் எழுதியதை அவர் அழாத அளவுக்குத் திருத்துகிற தொழில். செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தும் நானும் உங்களில் ஒருத்திதான், சக கைடுகளே.

அலையோரம் மேடம்

மாணவியாக நான் செய்த ஆய்வு, மாமல்லபுரம் கடற்கரையில் நண்டு வளைகளை எண்ணுவது. பாதியில் கர்ப்பமானேன். மணலில் குனிய முடியவில்லை. நான் குடியிருந்த கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்துப் போய், என் கைடு வேதவல்லி மேடத்திடம், "ஆய்வை விட்டுடறேன் மேடம்" என்று சொல்லி அழுதேன். அவர் மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரம் பார்த்தால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே கடற்கரையில் வளை எண்ணிக்கொண்டிருக்கிறார்! பதறிப்போனேன். நிமிராமலே சொன்னார்: "உன் பிரசவத்துக்காக நண்டு லீவு எடுக்காதும்மா."

செய்யூர் அப்பா

ஆய்வை முடித்து, பிறகு நானும் கைடு ஆனேன். அதே நண்டு வளைகளை ஆராய்ந்த என் மாணவி தமிழரசிக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை கிடைத்தது. ஆய்வை நிறுத்தச் சொல்லி, செய்யூரில் வேர்க்கடலை பயிரிடும் அவள் அப்பா கல்லூரிக்கே வந்துவிட்டார். "ஊரே கேக்குது மேடம், உம் பொண்ணு இன்னும் இன்னா படிச்சிகினு கீதுன்னு."

அவரை உட்காரவைத்துவிட்டு, ஓய்வு பெற்றிருந்த வேதவல்லி மேடத்துக்குப் போன் போட்டேன். "அப்பாகிட்ட வாதாடாதே. பொண்ணு என்ன நினைக்குதுன்னு கேட்டியா?" என்றார். கேட்கவே இல்லையே! கேட்டேன். இரண்டும் வேண்டும் என்றாள். பகுதி நேர ஆய்வாக மாற்றி, ஞாயிறுதோறும் அவளுக்காக நான் கல்லூரிக்கு வருவதாகச் சொன்னேன்.

அவள் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "ஞாயித்துக்கெழமையுமா? உங்க வூட்ல ஒண்ணியும் சொல்ல மாட்டாங்களா?"

கடைசி வரிசைக் கேள்வி

தமிழரசியின் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு மேடம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். போனில் எடுத்த படத்திலிருந்தே வளைகளை எண்ணும் மென்பொருளை அவள் எழுதியிருந்தாள். எல்லாரும் கேட்டு முடித்ததும் மேடம் எழுந்தார். "மழைக்காலத்துல வளை மூடிக்கிட்டா எப்படி எண்ணும்?"

"தெரியலை மேடம். அதை நான் பார்க்கலை" என்றாள் தமிழரசி. மேடம் முகம் மலர்ந்துவிட்டது: "இந்த ஒரு வார்த்தையை உன் கைடு வாயில வரவைக்க நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா?"

மூன்று பேர்

மழைக்காலம் தொடங்கியதும், அந்தக் கேள்விக்கு விடை தேடி மூவரும் கடற்கரைக்குப் போனோம். மேடம் கையில் போனைக் கொடுத்து, டாக்டர் தமிழரசி படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். "நிழல் விழுது மேடம். மறுபடியும் எடுங்க." மேடம் என் பக்கம் திரும்பினார்: "உன்னைவிட இவ கறார்டி!"

முந்தின தலைமுறையும் பிந்தின தலைமுறையும் சேர்ந்துவிட்டால், நடுவில் நிற்கும் கைடுக்கு மிஞ்சும் பதவி, இருவர் செருப்பையும் அலை இழுக்காமல் காவல் காப்பதுதான்.